முயல் பசையில் மூடிய கதவு

அன்செல்ம் வெர்தோவின் படத்தை வாங்கினால் அன்செல்மையும் சேர்த்து வாங்கியதாகத்தான் அர்த்தம் என்று பாரிஸில் ஒரு கேலி உண்டு. விற்றுவிட்ட படத்தைப் பார்க்கச் சரியாகச் சாப்பாட்டு வேளையில் வந்து நிற்பார். "சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேன்" என்பார். சற்று அசந்தால் சாயப்பெட்டி திறந்திருக்கும், தூரிகை கையில் இருக்கும். பல் வைத்தியர் வீட்டுப் படத்தில் உறங்கிக்கொண்டிருந்த பூனை அப்படித்தான் காணாமல் போயிற்று. நீதிபதி வீட்டுப் படத்தில் நீல மேசைவிரிப்பு மஞ்சளாக மாறியது. அதனால் அவர் போகும் வீடுகளில் எல்லாம் குடையை வாங்கி வைப்பது போலச் சாயப்பெட்டியையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மலை, கடல், ராணுவம், கிரேக்கக் கன்னிகள், எதுவும் அவருக்கு வராது. வீட்டு உள்ளறைதான் அவர் உலகம். விளக்கடியில் தைக்கும் பெண், சூப் கிண்ணம், பூப்போட்ட சுவர்க்காகிதம், பாதி திறந்த அலமாரி. முகத்தைக்கூட ஒழுங்காக எழுதமாட்டார். ஒரு தீற்றல், அவ்வளவுதான். ஆனால் துணியை எழுதுவார். எந்தப் பெண் எந்தச் சட்டை, எந்த ஆண் எந்த அங்கி என்று அவர் படத்தில் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிடலாம். முகம் பொய் சொல்லும், உடுப்பு சொல்லாது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

என் பெயர் மார்செலீன். என் கணவர் அர்மான் பெர்தியே குடைத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். ஊரே நனையாமல் காப்பாற்றும் தொழில் என்று விருந்தாளிகளிடம் பெருமை பேசுவார். அன்செல்ம் அவருடைய பள்ளித் தோழர். அந்த உரிமையில் எங்கள் சாப்பாட்டறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் படம் எழுதுவார். அவரை யாரும் ஆளாகவே எண்ணுவதில்லை. மேசை, நாற்காலி, அன்செல்ம். அவர் முன்னால் சண்டை போடுவோம், கணக்குக் கேட்போம், பல் குத்துவோம். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

போன இலையுதிர் காலத்தில் எனக்குப் பிறந்த குழந்தை மூச்சு விடவே இல்லை. படுக்கையில் கிடந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள என் தங்கை நோயெமி வந்தாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள், எனக்குச் சொந்தமான எல்லாவற்றையும்.

ஒரு மாலை தாகம் எடுத்தது. மணியை ஆட்டினேன், யாரும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டறை வரை நடந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் அன்செல்ம் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே நடைக்கூடத்துக்குப் போகும் கதவு திறந்திருந்தது. அதற்குள் என் கணவர் தன் ஒயின்நிற அங்கியில் நின்றிருந்தார். அவர் கை என் தங்கையின் கழுத்தில் இருந்தது. அவள் தலை அவர் தோளில் இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தாள். அது நான் அவளுக்குத் தைத்துக் கொடுத்த சட்டை.

நான் கத்தினேன். கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன். சுற்றிலும் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"கதவா? எந்தக் கதவு? கதவு மூடித்தானே இருந்துச்சு" என்றார் அர்மான்.

"நான் சமையல்கட்டுல உனக்குக் கஷாயம் போட்டுட்டு இருந்தேன் அக்கா" என்று நோயெமி அழுதாள். அழுகை அவளுக்குக் குழாயைத் திறப்பது மாதிரி.

"குழந்தை தங்காத பொம்பளைக்குக் கண்ணு இப்படித்தான் இல்லாததை எல்லாம் காட்டும்" என்றாள் என் மாமியார்.

டாக்டர் ரிக்கோ என் நாடியைப் பிடித்தார். என் கணவரோடு சீட்டாடும் டாக்டர் அவர். "நரம்புத் தளர்ச்சி. கண்ணு தானா உண்டாக்கிக்கும்மா. நீங்க பாத்தது அங்க இல்ல" என்றார்.

எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. "அன்செல்ம், நீங்க அங்கதானே இருந்தீங்க? சொல்லுங்க" என்று கேட்டேன்.

அன்செல்ம் தன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "நான் வெளிச்சத்தைத்தான் மேடம் பாப்பேன்... கதவு... மூடித்தான் இருந்துச்சு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் என்னை ஊருக்கு வெளியே ஓர் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஓய்வு என்று பெயர். காலையில் சில்லென்ற தண்ணீரைக் குழாயால் முதுகில் அடிப்பார்கள். "கதவு எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். "திறந்திருந்தது" என்றால் இன்னொரு முறை அடிப்பார்கள். குளிர் காலம் பிறந்தபோது நான் "மூடியிருந்தது" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அதைவிடக் கொடுமை, அதை நம்பவும் ஆரம்பித்திருந்தேன். தன் கண்ணையே நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன் என்று நல்லவர்கள் சொல்வார்கள். நான் விரும்பினேன்.

வீடு திரும்பியபோது அன்செல்மின் படம் சாப்பாட்டறைச் சுவரில் மாட்டியிருந்தது. விளக்கு, வெள்ளை மேசைவிரிப்பு, பழத்தட்டு, பின்னால் பழுப்பு நிறக் கதவு. கதவு மூடியிருந்தது. அர்மான் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். "பாத்தியா? ஓவியனே எப்படி எழுதியிருக்கான் பாரு" என்றார். நான் தலையாட்டினேன். சாவிக்கொத்து நோயெமியின் இடுப்பில் தொங்கியது. கேட்டதற்கு, "நீ இன்னும் தேறலையே அக்கா" என்றாள்.

பிப்ரவரியில் மிமோசாப் பூ வந்தது. படத்துக்குக் கீழே இருந்த குவளையில் தண்ணீர் மாற்றும்போது கை தவறியது. தண்ணீர் படத்தின் மேல் தெறித்தது. பதறிக் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை பழுப்பாகியது. கதவின் ஓரம் கரைந்து வந்திருந்தது. அதற்கு அடியில் இருட்டும், இருட்டில் மெல்லிய மஞ்சள் கோடும் தெரிந்தன.

அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். அர்மானின் ஒயின்நிற அங்கிக்கு அவர் அம்மா தன் கையால் பின்னிக் கொடுத்த கயிறு அது.

நான் மிமோசாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. சிரித்தேன். பைத்தியம் இல்லை, மார்செலீன், உனக்குப் பைத்தியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்குட்டையை முகர்ந்தேன். முயல் தோல் பசை வாடை. அன்செல்ம் எங்கள் அடுப்பில் அதைக் காய்ச்சியிருக்கிறார். சமையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறாள்.

அவர் வீட்டுக்கே போனேன். அம்மாவோடு ஒரே அறையில் குடியிருந்தார். அம்மா ஜன்னலோரம் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை அவர் முன்னால் வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"அர்மான் கதவை அழிக்கச் சொன்னான். பக்கத்துலயே நின்னான்" என்றார். "சுரண்டச் சொன்னான். என்னால முடியல மேடம். பாத்ததைச் சுரண்ட எனக்குக் கை வராது. அடியில இருக்கறது எண்ணெய்ச் சாயம், அது போகாது. அதுக்கு மேல பசைச் சாயத்துல கதவைப் போட்டேன். ஈரத்துணி பட்டாப் போயிடும், அது அவனுக்குத் தெரியாது. திரை மாதிரிதான் அது."

"திரை போட்டுட்டு என்னைத் தண்ணிக் குழாய்க்கு அனுப்பிட்டீங்க."

"அவன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன் நான்."

"என் வீட்டுச் சாப்பாடு அது. பரிமாறினது நான்."

அவர் அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். மகனைப் பார்த்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

"இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேணாம். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே. கூப்பிடற அன்னைக்கு வாங்க."

அன்றே முழுக் கதவையும் கழுவிவிட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம். கூட்டினால் என்ன ஆகும்? பைத்தியக்காரியும் பஞ்சைப் பராரி ஓவியனும் சேர்ந்து புதிதாக எழுதினார்கள் என்பார் அர்மான். படம் அடுப்புக்குப் போகும், நான் குழாய்க்குப் போவேன். கண்ணை நம்பாத நோய் எனக்கு வந்தது போல அவருக்கும் வர வேண்டும். அதற்குப் பிறகு உண்மை வெளியே வரட்டும்.

வீடு திரும்பியதும் கைக்குட்டை நுனியை நனைத்துக் கதவின் ஓரத்தை இன்னும் ஒரு விரல் அகலம் துடைத்தேன்.

அன்று சூப் குடிக்கும்போது அர்மானின் கரண்டி பாதியில் நின்றது.

"அன்செல்ம் வந்தானா?"

"இல்லையே. படம் மாட்டின நாள்லேருந்து அவர் பெட்டி வாசல்காரம்மாகிட்டதானே இருக்கு" என்றேன்.

"அந்தக் கதவு... கொஞ்சம் திறந்த மாதிரி இல்ல?"

நான் படத்தைப் பார்த்தேன். பொறுமையாக, டாக்டர் பார்ப்பது போலப் பார்த்தேன். "மூடித்தானே இருக்கு" என்றேன்.

"நோயெமி, நீ பாரு."

நோயெமிக்குக் கிட்டப் பார்வை. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் அவளுக்குக் கஞ்சிதான். கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று போடமாட்டாள். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "மூடித்தான் அத்தான் இருக்கு. எப்பவும் போலத்தான்" என்றாள். என் தங்கையின் அழகுக்கு நான் முதல்முறையாக நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் இன்னொரு விரல். அங்கியின் ஒயின் நிறம் எட்டிப் பார்த்தது. அர்மான் சாப்பாட்டின் நடுவில் எழுந்து படத்தின் அருகே போய் நின்றார். காய்ந்த விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"என்ன தேடறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"அந்தக் கதவுக்குப் பின்னால ஏதாவது தெரியுதா?"

என்னவென்று சொல்வார்? என் அங்கி தெரியுது என்றா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, இப்போது ஒவ்வொரு கவளத்திலும் பூசணிக்காய் தட்டுப்பட்டது.

அன்செல்மைத் தொழிற்சாலைக்கே கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார். "நான் தொடல அர்மான். என் பெட்டியைத்தான் நீங்க பிடுங்கி வெச்சிருக்கீங்களே" என்றாராம் அவர். அதில் பொய்யே இல்லை. அதன்பின் அர்மான் தூக்கம் கெட்டு இளைத்தார். தலைவலி என்றார். காபியைக் கொட்டினார். "படத்தைக் கழட்டிடலாம்" என்றார் ஒருநாள்.

"ஏன்? அதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

படம் சுவரிலேயே இருந்தது. அவர்தான் இடம் மாறினார். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். சாப்பிடும்போது பிடரியைத் தடவிக்கொள்வார். நான் எதிரே உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டேன். மாதக்கணக்கில் வராத பசி வந்தது.

பச்சைக் கட்டத்தின் ஓரம் தெரிந்த அன்று அவர் டாக்டர் ரிக்கோவை வீட்டுக்கு அழைத்து வந்தார். என்னை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு முன்கூடத்தில் பேசினார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன். என் வீட்டில் கதவோரம் நிற்பது எனக்கு அவமானமாக இல்லை.

"அவதான் படத்துல ஏதோ பூசறா டாக்டர். கதவைத் திறக்கறா. பழைய பைத்தியம் முத்திப்போச்சு. இந்தத் தடவை அனுப்பினா திரும்ப வரவே கூடாது. காயிதத்தைத் தயார் பண்ணுங்க."

"நான் கண்ணால பாக்கணுமே அர்மான். கையெழுத்துப் போடறது நான்."

"மி-கரேம் வியாழக்கிழமை சாப்பிட வாங்க. அம்மாவும் வர்றாங்க. அவங்களும் பாக்கட்டும். காயிதத்தைக் கையோட கொண்டுவாங்க."

முதுகில் அந்தக் குளிர்ந்த தண்ணீர் மறுபடி விழுந்தது போல இருந்தது. கணவன் கேட்டு டாக்டர் எழுதினால் போதும், அந்த இல்லத்தின் இரும்புக் கதவு என்மேல் ஆயுசுக்கும் மூடிவிடும். பிறகு யோசித்தேன். டாக்டர் திறந்த கதவைப் பார்த்தால் நான் பைத்தியம். மூடிய கதவைப் பார்த்தால்?

அன்செல்முக்கு ஆள் அனுப்பினேன்.

மி-கரேம் என்றால் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களின் நட்டநடுவே வரும் கொண்டாட்டம். அன்று சலவைக்காரிகளின் திருவிழா. தங்களுக்குள் ஒரு ராணியைத் தேர்ந்தெடுத்து, கிரீடம் வைத்து, தேரில் ஏற்றித் தெருத்தெருவாகப் போவார்கள். ஊரின் அழுக்கை எல்லாம் வெளுப்பவர்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ராஜ்யம். அர்மான் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போனார். சமையல்காரிக்கு அன்று விடுமுறை கொடுத்துவிட்டேன். நோயெமி ஊர்வலம் பார்க்கப் போனாள். போகும் முன், "பச்சைக் கட்டச் சட்டையைப் போட்டுக்கோ. விருந்துக்கு அதான் உனக்கு எடுப்பா இருக்கும்" என்றேன். "நிஜமாவா அக்கா?" என்று மலர்ந்து போட்டுக்கொண்டாள்.

அன்செல்ம் பின்படி வழியாக வந்தார். பெட்டி இல்லை. பழுப்புத் தூளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். அடுப்பில் ஒரு பக்கம் பசைப் பானை வெந்நீரில் உட்கார்ந்து உருகியது. மறுபக்கம் நான் முயல் கறியை வெங்காயமும் வெள்ளை ஒயினும் போட்டு வேகவைத்தேன். ஒரு முயலின் வாடையை இன்னொரு முயல் மறைத்தது.

அன்செல்ம் சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்தார். பசைச் சாயம் ஆறினால் உறைந்துவிடும், சூட்டோடு போட வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். "பழைய பழுப்போட ஒட்டலைன்னா பட்டை பட்டையாத் தெரியும் மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பூசினார். முடித்ததும் கறுத்து ஈரமாக இருந்தது, யார் பார்த்தாலும் புதிது என்று சொல்லிவிடுவார்கள். கணப்பில் கரியை அள்ளிப் போட்டேன். இருவரும் படத்தின் முன்னால் உட்கார்ந்து, அடைகாப்பவர்களைப் போலக் காத்திருந்தோம். மெல்ல மெல்ல வெளுத்தது. மாலைக்குள் பழைய கதவு அப்படியே மூடிக்கொண்டது.

"இதை இவ்வளவு நல்லா நான் எப்பவுமே பூசினதில்ல" என்றார் அன்செல்ம். சொன்ன கையோடு மேசைவிரிப்பின் வெள்ளையையும் கொஞ்சம் திருத்தலாமா என்று கேட்டார். முறைத்தேன். பானையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

விருந்துக்கு அவரையும் உட்கார வைத்தேன். மாமியார் கறுப்புப் பட்டில் வந்தாள். டாக்டர் வந்தார், கோட்டின் உட்பையில் காகிதத்தின் நுனி தெரிந்தது. அர்மான் ஊர்வலக் கூட்டத்தில் மாட்டித் தாமதமாக வந்தார், தொப்பியில் வண்ணக் காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வந்தவர் சுவரைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முகத்தில் வெற்றிக் களை.

"முயலா? வாசலுக்கே வாசனை வருதே" என்றாள் மாமியார்.

"எலும்பைக் கையால எடுத்துச் சாப்பிட்டாத்தான் ருசி அத்தை" என்றேன். முடித்ததும் எல்லாருக்கும் விரல் கழுவக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் புதுக் கைத்துண்டும் வைத்தேன். அர்மானின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், அம்மா, என் பொண்டாட்டி என்ன வேலை பண்ணிட்டிருக்கான்னு இப்பக் காட்டறேன்." பக்கமேசை விளக்கை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே படத்தின் மேல் வெளிச்சம் விழப் பிடித்தார். "அந்தக் கதவைப் பாருங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "மூடின கதவு" என்றார்.

"நல்லாப் பாருங்க டாக்டர்!"

"மூடித்தான்டா இருக்கு" என்றாள் மாமியார். அவளுக்குக் கழுகுக் கண்.

அர்மான் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விளக்கு ஆடியது.

"நேத்து திறந்திருந்துச்சு! இம்மாம் அகலத்துக்குத் திறந்திருந்துச்சு!"

"தினமும் நான் சொல்றேனே அத்தான், மூடித்தான் இருக்குன்னு" என்றாள் நோயெமி.

டாக்டர் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அர்மான், தூக்கம் வருதா சரியா? வேலை அதிகமோ? கண்ணு சில சமயம் தானா உண்டாக்கிக்கும்பா. நீ பாத்தது அங்க இல்ல."

அதே வார்த்தைகள். அதே குரல். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது.

"திறந்திருந்தா, உள்ள என்ன இருந்துச்சுங்க?" என்று அன்பாகக் கேட்டேன்.

அர்மான் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கையை உதறினார். "இவதான்! மேல பூசியிருக்கா! இன்னைக்குப் பூசியிருக்கா! நிரூபிக்கறேன்!" விளக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கைத்துண்டைக் கிண்ணத்தில் முக்கினார். பாய்ந்துபோய்ப் படத்தில் அழுத்தித் தேய்த்தார். துண்டு பழுப்பாகியது. "பாருங்க! சாயம் வருது! வருதா இல்லையா? எனக்கா பைத்தியம்?" குழந்தை மாதிரிக் குதித்தார். இன்னும் முக்கினார், இன்னும் தேய்த்தார். தான் ஜெயிப்பதிலேயே குறியாக இருந்தவர், எதைக் கழுவி எதை வெளியே எடுக்கிறோம் என்பதை மறந்துபோனார்.

பழுப்புத் தண்ணீர் வழிந்து சுவரில் இறங்கியது. கதவு போயிற்று. உள்ளே ஒயின்நிற அங்கி நின்றது. மஞ்சள் கயிறு தொங்கியது. ஒரு கை, ஒரு கழுத்து. அந்தக் கழுத்துக்குக் கீழே பச்சைக் கட்டம்.

தெருவில் சலவைக்காரிகள் பாடிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பச்சைக் கட்டச் சட்டையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்தக் கயிறு... அது நான் பின்னினதுல்ல?" என்றாள் மாமியார். குரல் தேய்ந்து போனது.

"போன இலையுதிர் காலத்துல எழுதினது. அன்னைக்கு மேடம் சத்தம் போட்டாங்களே, அப்ப எழுதிட்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றார் அன்செல்ம். உட்கார்ந்தபடி, தட்டைப் பார்த்தபடி சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நோயெமி கண்ணை இடுக்கி இடுக்கிச் சுவரைப் பார்த்தாள். "என்ன? என்ன தெரியுது? எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

"ஒண்ணுமில்ல நோயெமி, மூடின கதவுதான்" என்றேன். அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி என் இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

பிறகு எழுந்து அர்மானிடம் போனேன். அவர் தன் பழுப்புக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத்துண்டை அவரிடமிருந்து வாங்கி வைத்தேன். "டாக்டர், உங்க கோட்டுப்பையில காயிதம் இருக்கே. பேரை மட்டும் மாத்தி எழுதிக்கலாமா? அந்தத் தண்ணி வைத்தியம் ஆம்பளைங்களுக்கும் உண்டுதானே?"

டாக்டர் காகிதத்தை எடுத்துக் கணப்பில் போட்டார். தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

நோயெமி அந்த ஞாயிற்றுக்கிழமையே ரூவானில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ரயிலேறினாள். மாமியார் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அன்செல்ம் மட்டும் வருகிறார். கழுவிய இடத்தின் ஓரம் திட்டுத்திட்டாக இருக்கிறது, அது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தீற்றல் மேடம்" என்று கெஞ்சுகிறார். விடமாட்டேன். அவர் சொன்ன பொய்க்கு அதுதான் தண்டனை. கோணலாகக் கிடக்கும் தன் படத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டில் சாப்பிட வேண்டும்.

அர்மான் எங்கேயும் போகவில்லை. குடை முதலாளி, ஊருக்குப் பயந்தவர். என்னை மன்னித்துவிடு என்று ஒருமுறை அழுதார். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அவருடைய நாற்காலியைப் பழைய இடத்திலேயே, படத்துக்கு நேர் எதிரே போட்டிருக்கிறேன். தினமும் சூப் பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் போய் நிற்பேன்.

"அர்மான், கதவு எப்படி இருக்கு?"

அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"திறந்திருக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் கிண்ணத்தில் சூப் விழும்.